கப்பல்ல ஒரு ரகசிய ஆபரேஷன்: ஜனாதிபதியின் மேல்தாடையும் நம்ம ஞானப்பல்லும்

வாய்க்குள்ள ஏதாவது பிரச்சனைன்னா நாம செய்றது ஒரே மாதிரிதான். முதல்ல ஒரு கிராம்பு. அப்புறம் மெடிக்கல்ல கேட்டு ஒரு மாத்திரை. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள். வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். இன்னைக்கு எபிசோட்ல வர்றவரும் வாயில இருந்த பிரச்சனையை மறைச்சவர்தான். யார்கிட்ட மறைச்சார்னு கேட்டா, ஒரு நாட்டுகிட்டயே மறைச்சார். ஏன்னா அவர் அமெரிக்க ஜனாதிபதி.

பேரு குரோவர் கிளீவ்லண்ட். ஒரு தடவை ஜனாதிபதியா இருந்து, அடுத்த தேர்தல்ல தோத்து, நாலு வருஷம் கழிச்சு திரும்பவும் ஜெயிச்சு வந்தவர். இதைச் செய்த ரெண்டாவது ஆள் ட்ரம்ப். கிளீவ்லண்டோட ரெண்டாவது பதவிக்காலம் 1893 மார்ச் 4ஆம் தேதி ஆரம்பிச்சது. வயசு 55. நல்ல கனமான உடம்பு, அடர்த்தியான மீசை, வாயில எப்பவும் சுருட்டு.

அந்த மே மாசம் மேல் அண்ணத்துல, இடது பக்கம், நாக்கு பட்டா ஏதோ சொரசொரன்னு இருக்கிறதை கவனிச்சார். வலி பெருசா இல்ல. நம்ம எல்லாரையும் போல, சரியாயிடும்னு விட்டுட்டார். ஜூன் 18ஆம் தேதிதான் வெள்ளை மாளிகை டாக்டர் ஓ'ரைலி வாயைத் திறந்து பார்த்தார். கால் டாலர் காசு அளவுக்கு ஒரு புண், கடைவாய்ப்பல் பக்கத்துல இருந்து அண்ணத்தோட நடுக்கோடு வரைக்கும் நெருங்கிட்டு இருந்தது. ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து, யாரோடதுன்னு பேர் எழுதாம, ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தோட ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. புற்றுநோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு பதில் வந்தது. கிளீவ்லண்டோட நண்பரும் நியூயார்க்ல பெரிய சர்ஜனுமான ஜோசப் பிரையன்ட் வந்து பார்த்தார். உடனே எடுத்தாகணும்னு சொல்லிட்டார்.

இங்க கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லிடுறேன். வாய்ல ஒரு புண் ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா, வலி இருக்கோ இல்லையோ, டாக்டர்கிட்ட காட்டணும். வெள்ளையா, சிவப்பா ஒரு திட்டு அப்படியே இருந்தாலும், வாயைத் திறக்கிறது நாளுக்கு நாள் கஷ்டமானாலும் அதேதான். இந்தியால ஆண்களுக்கு அதிகம் வர்ற புற்றுநோய்கள்ல வாய்ப்புற்றுநோயும் ஒண்ணு. புகையிலை மட்டும் இல்ல, வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே வகைப்படுத்திடுச்சு. காலேஜ் பசங்க உதட்டுக்கு உள்ள வெச்சுக்கிற சின்னப் பொட்டலத்துல இருக்கிறதும் புகையிலைதான்.

இன்னொரு விஷயம். "கத்தி பட்டா பரவிடும், சதை வெட்டிப் பார்க்கவே கூடாது"ன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. இந்தப் பேச்சை நம்பி ஆறு மாசம் வேஸ்ட் பண்ணவங்க இருக்காங்க. வாய்ப்புண்ணை அந்த மாதிரி சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறதுனால புற்றுநோய் பரவாது. தள்ளிப்போட்டா கட்டி பெருசாகும், அவ்வளவுதான். 1893ல எக்ஸ்-ரே கூட கிடையாது. அப்பவே முதல் வேலையா இதைத்தான் செஞ்சாங்க.

சரி, நோய் தெரிஞ்சாச்சு. எதுக்கு ரகசியம்?

அந்த வருஷம் அமெரிக்காவுல பேங்க் எல்லாம் வரிசையா மூடிட்டு இருந்தது. அரசாங்கம் மாசாமாசம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கணும்னு 1890ல ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. அதுக்காகக் கொடுத்த நோட்டுகளை ஜனங்க தங்கமா மாத்திட்டுப் போக, கஜானால தங்கம் கரைஞ்சுது. அந்தச் சட்டத்தை ரத்து பண்றதுதான் கிளீவ்லண்டோட குறி. துணை ஜனாதிபதி ஸ்டீவன்சனோ வெள்ளி கோஷ்டிப் பக்கம் சாய்வு. ஜனாதிபதிக்கு கேன்சர்னு வெளிய தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் எல்லார் கண்ணும் ஸ்டீவன்சன் மேலதான் போகும். மார்க்கெட் மொத்தமா சரிஞ்சிடும்.

இதுல நம்ம ஊரும் வருது, கேளுங்க. அப்போ இந்திய ரூபாய்ங்கிறது வெள்ளி நாணயம். யார் வேணும்னாலும் வெள்ளியைக் கொண்டுபோய் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள்ல கொடுத்து ரூபாயா அடிச்சுக்கலாம். 1893 ஜூன் 26ஆம் தேதி பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் அதை நிறுத்திடுச்சு. உலகத்துல வெள்ளிக்கு இருந்த பெரிய சந்தைகள்ல ஒண்ணு ஒரே நாள்ல மூடினதால விலை சரசரன்னு இறங்கிச்சு. நாலு நாள் கழிச்சு, ஜூன் 30 அன்னைக்கு, கிளீவ்லண்ட் ஆகஸ்ட் 7ல நாடாளுமன்றத்தோட சிறப்புக் கூட்டம்னு அறிவிச்சார். அதே நாள் சத்தமில்லாம ரயில் ஏறி நியூயார்க் போனார். கணக்குப் பாருங்க: ஆபரேஷன் முடிச்சு, புண் ஆறி, நாடு முன்னாடி தெளிவாப் பேசுற மனுஷனா வந்து நிக்க அவருக்கு அஞ்சு வாரமும் சில நாளும்தான் இருந்தது.

மனசுல இன்னொரு பயமும் இருந்திருக்கும். முன்னாள் ஜனாதிபதி யுலிஸஸ் கிராண்ட் 1885ல தொண்டைப் புற்றுநோய்லதான் இறந்தார். அவர் மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சதை பேப்பர்காரங்க தினம் தினம் எழுதினாங்க. நாடே அதைப் படிச்சது.

அதனால ஆஸ்பத்திரியும் வேணாம், வீடும் வேணாம்னு முடிவாச்சு. இலையஸ் பெனடிக்ட்னு ஒரு பணக்கார நண்பரோட 'ஒனைடா'ங்கிற உல்லாசக் கப்பல். மீன் பிடிக்கப் போறார், ஓய்வுக்குப் போறார்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஜூன் 30 ராத்திரி எல்லாரும் கப்பல் ஏறிட்டாங்க. பிரையன்ட், அவரோட உதவியாளர் எர்ட்மன், பிலடெல்பியாவுல இருந்து வில்லியம் கீன்னு பிரபலமான சர்ஜன், ஓ'ரைலி, பொது மருத்துவர் ஜேன்வே, அப்புறம் ஃபெர்டினாண்ட் ஹாஸ்ப்ரூக்னு ஒரு பல் டாக்டர். இந்தக் கடைசிப் பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஜூலை 1 காலைல ஜேன்வே நோயாளியோட இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாத்தையும் பரிசோதிச்சார். வாயைத் திரும்பத் திரும்பக் கழுவி கிருமிநாசினி போட்டாங்க. கப்பலோட கூடத்துல இருந்த சாமான்களை அகற்றி, இடத்தைச் சுத்தம் பண்ணி, ஒரு நாற்காலியை பாய்மரத் தண்டோட சேர்த்துக் கட்டினாங்க. அதுதான் ஆபரேஷன் தியேட்டர். கிழக்கு ஆத்துல பெல்வ்யூ ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, அங்க வேலை செய்ற யாராவது அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு டாக்டர்கள் எல்லாம் உள்ள போய் பதுங்கினாங்களாம். பாறையில மோதுறதா இருந்தா அரைகுறையா மோதாதீங்க, எல்லாரும் ஒண்ணா முழுகிடலாம்னு பிரையன்ட் கேப்டன்கிட்ட ஜோக் அடிச்சதா கீன் பின்னாடி எழுதினார். ஜோக்தான். ஆனா அந்த நாற்காலியில உட்காரப்போறவர் செத்தா என்ன ஆகும்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்த வருஷம் என்னென்ன கிடையாதுன்னு பாருங்க. கையில கட்டி பி.பி. பார்க்கிற கருவி வந்தது 1896ல. ரத்த வகைன்னு ஒண்ணு இருக்கிறதே 1901லதான் தெரிஞ்சுது. ஆன்ட்டிபயாட்டிக் கிடையாது. மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் விட்டு மயக்கம் கொடுக்கிற பழக்கம் இன்னும் வரல. அதனால வாய்ல வர்ற ரத்தம் நேரா நுரையீரலுக்குள்ள போகலாம். நோயாளி வேற நல்ல பருமன். மயக்கம் எப்படித் தாங்குவார்னு பிரையன்ட்டுக்கே கவலை.

மதியம் சுமார் 12:30 மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஹாஸ்ப்ரூக் முதல்ல நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு கொடுத்து, இடது மேல் முன்கடைவாய்ப் பற்கள் ரெண்டைப் புடுங்கினார். வலி தெரியாம வெட்டுற வித்தைக்கு பல் டாக்டர்களுக்குத்தான் நாம நன்றி சொல்லணும். சிரிப்பு வாயுவை 1844ல தன் பல்லைப் புடுங்கவெச்சே சோதிச்சுப் பார்த்த ஹொரேஸ் வெல்ஸ் ஒரு பல் டாக்டர். 1846ல ஈதரை ஊருக்கே காட்டின மார்ட்டனும் பல் டாக்டர். கப்பல்ல அடுத்து கொடுத்ததும் ஈதர்தான். கூடவே வெட்டுற இடத்துல கொக்கைன் ஊசி. அப்போ அதுதான் மரத்துப்போகிற மருந்து.

பிரையன்ட்டும் கீனும் சேர்ந்து, முதல் முன்கடைவாய்ப் பல்லு இருந்த இடத்துல இருந்து கடைசிக் கடைவாய்ப்பல் தாண்டி வரைக்கும், இடது மேல்தாடையோட ஒரு பெரிய பகுதியை எடுத்தாங்க. மென்மையான அண்ணத்துல ஒரு சின்னத் துண்டும் போச்சு. ஆச்சரியம் என்னன்னா, எல்லாமே வாய்க்குள்ளயே. கன்னத்துல ஒரு கீறல் கூட இல்ல. கீன் பாரிஸ்ல வாங்கி வெச்சிருந்த கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்கிற ஒரு கருவிதான் அதுக்கு உதவிச்சு. மீசையையும் எடுக்கல. மீசை போனா ஊருக்கே தெரிஞ்சிடும் இல்லையா? ரத்தத்தை அழுத்தியும், சூடுதண்ணி வெச்சும் நிறுத்தினாங்க. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சது. பள்ளத்துல துணி அடைச்சு, வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டு, படுக்க வெச்சாங்க. காய்ச்சல் 100.8 டிகிரிக்கு மேல போகல. ஜூலை 3ஆம் தேதி எழுந்து நடமாடினார். 5ஆம் தேதி மாசசூசெட்ஸ்ல கடலோரமா இருந்த தன் கோடை வீட்டுக்குப் போயிட்டார். மனைவி பிரான்சஸ் அங்கதான் இருந்தாங்க, அப்போ நிறைமாசத்தை நெருங்கிட்டு இருந்தாங்க.

ஆனா கதை அங்க முடியல. புண்ணோட ஓரத்துல சந்தேகமா ஒரு இடம் தெரிஞ்சுது. ஜூலை 17ஆம் தேதி அதே கப்பல், திரும்பவும் ஆபரேஷன்.

பேச்சு? அதான் பெரிய பிரச்சனை. மேல்தாடையை எடுத்ததால வாய்க்கும், கன்ன எலும்புக்குள்ள இருக்கிற சைனஸ் அறைக்கும் நடுவுல இருந்த சுவர் போச்சு. குடிச்ச தண்ணி மூக்கு வழியா வரும். பேசினா காத்து மேல போயிடும். அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி பார்க்க வந்தப்போ, ஆள் இளைச்சு, வாய் நிறைய பஞ்சு அடைச்சு, சொல்றது புரியாம இருந்தார். நியூயார்க் பல் டாக்டர் காசன் கிப்சன், கெட்டிப்படுத்தின ரப்பர்ல ஒரு அடைப்பைச் செஞ்சார். செயற்கை அண்ணம்னு வெச்சுக்கோங்க. அதை மாட்டினதும் கன்னம் உள்ள போகல, குரல் பழையபடி வந்துடுச்சு. எனக்கு இந்தக் கதையில ஹீரோ கிப்சன்தான். கட்டியை எடுத்தது சர்ஜன்கள். ஆனா அவருக்குத் திரும்பப் பேச்சைக் கொடுத்தது இந்த ரப்பர் துண்டு.

இது ஏதோ மியூசியம் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2021ல கொரோனாவுக்குப் பின்னாடி கருப்புப் பூஞ்சை வந்து மேல்தாடையை இழந்தவங்க நம்ம ஊர்லயும் இருந்தாங்க. அவங்கள்ல பலருக்கு, சாப்பிடவும் பேசவும், பல் மருத்துவமனைகள்ல செஞ்சு கொடுத்தது இதே யோசனைதான். பொருள்தான் ரப்பர்ல இருந்து அக்ரிலிக்கா மாறிச்சு. வாய்ல பெரிய ஆபரேஷன்னு சொன்னாங்கன்னா, வெட்டுறதுக்கு முன்னாடியே கேட்க வேண்டிய கேள்வி இது: "அப்புறம் நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படிப் பேசுவேன்? அதுக்கு யாரைப் பார்க்கணும்?"

உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வரப்போறது தாடை ஆபரேஷன் இல்ல, ஞானப்பல். ஆனா அடிப்படை அதே. நான் டாக்டர் இல்ல, கோடிங் பண்றவன். உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. இருந்தாலும் எல்லாரும் சொல்ற பொதுவான விஷயங்களை இங்க வெச்சுடுறேன்.

ஜேன்வே அன்னைக்கு உடம்பைத் தலை முதல் பார்த்தார் இல்லையா, இன்னைக்கு அந்த வேலையில பாதி உங்க வாய்ல இருந்துதான் வரணும். சுகர், பி.பி., இதயப் பிரச்சனை, கர்ப்பம், ஏதாவது மருந்து ஒத்துக்காதது, எல்லாத்தையும் சொல்லிடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க அதைச் சொல்லணும், தானா நிறுத்தவும் கூடாது. எலும்பு தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிற அம்மாவோ பாட்டியோ வீட்ல இருந்தா, பல் புடுங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லச் சொல்லுங்க. அந்த மருந்துகள்ல சிலது தாடை எலும்பு ஆறுறதைக் கெடுக்கும். சிகரெட்டு, பாக்கு விஷயத்துல டாக்டர்கிட்ட பொய் சொல்லாதீங்க. அவர் உங்க அப்பாகிட்ட போட்டுக்கொடுக்க மாட்டார். மரத்துப்போற ஊசி மட்டும்னா பொதுவா சாப்பிட்டுட்டே போகலாம். முழு மயக்கம்னா பொதுவா ஆறு மணி நேரம் முன்னாடியே சாப்பாடு நிறுத்தணும், கூட ஒரு ஆள் வரணும், திரும்பும்போது நீங்க வண்டி ஓட்டக் கூடாது.

புடுங்கின பிறகு எல்லாமே அந்தப் பள்ளத்துல உறையுற ரத்தக்கட்டியைப் பத்தினதுதான். அதுதான் எலும்புக்கு மூடி. பஞ்சை நல்லா கடிச்சுப் பிடிங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்காதீங்க. முதல் 24 மணி நேரம் துப்புறது, வாய் கொப்பளிக்கிறது, ஸ்ட்ரால உறிஞ்சுறது வேணாம். அடுத்த நாள்ல இருந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணியை மெதுவா விட்டுக் கொப்பளிக்கலாம். தயிர் சாதம், ஆறின கஞ்சி நல்லது. வீட்ல சூடா ரசம் கொடுத்தா ஆற வெச்சு குடிங்க. வீக்கம் ரெண்டு மூணு நாள் ஏறிட்டுதான் இறங்கும், அது சகஜம். சகஜம் இல்லாதது வேற: மூணாவது நாள் வலி குறையுறதுக்குப் பதிலா காது வரைக்கும் தெறிச்சா, கட்டி விழுந்து எலும்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தமா இருக்கலாம். புகைபிடிக்கிறவங்களுக்கு அது அதிகம் வருது. மேல் கடைவாய்ப்பல் எடுத்து, தண்ணி குடிச்சா மூக்குல வந்தா, கிளீவ்லண்டுக்கு ஆன அதே சுவர் சின்ன அளவுல திறந்திருக்குன்னு அர்த்தம். மூக்கைச் சீந்தாம டாக்டரைக் கூப்பிடுங்க. தாடைக்கு அடியில வீங்கி, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா போன் பண்ணிட்டு காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

திரும்ப 1893க்கு. ஆகஸ்ட் 5ஆம் தேதி கிளீவ்லண்ட் வாஷிங்டன் வந்துட்டார். 28ஆம் தேதி கீழ்சபைல வெள்ளிச் சட்ட ரத்து ஜெயிச்சுது. அடுத்த நாள் காலைல பிலடெல்பியா பிரஸ் பத்திரிகைல ஒரு செய்தி: ஜனாதிபதிக்கு கப்பல்ல வாய் ஆபரேஷன் நடந்தது. எழுதினவர் இ.ஜே. எட்வர்ட்ஸ்ங்கிற நிருபர்.

எப்படிக் கசிஞ்சுது? ஹாஸ்ப்ரூக்கை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே. கப்பல்ல மாட்டிக்கிட்டதால அவர் வேற ஒரு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் போறதுக்கு லேட் ஆயிடுச்சு. அந்த டாக்டர் கோபப்பட, ஹாஸ்ப்ரூக் உண்மைக் காரணத்தைச் சொல்லிட்டார். அது கைமாறி எட்வர்ட்ஸ் காதுக்கு வந்தது. அவர் வதந்தின்னு எழுதிடல. ஹாஸ்ப்ரூக்கையே நேர்ல பார்த்துக் கேட்டு, உறுதி பண்ணிட்டுதான் எழுதினார். செய்தி கிட்டத்தட்ட எல்லா விவரத்துலயும் சரி.

ஜனாதிபதி தரப்பு என்ன பண்ணிச்சு? பல்வலி, ரெண்டு பல்லு புடுங்கினாங்க, அவ்வளவுதான்னு சொல்லிச்சு. ஜனாதிபதியோ நல்லா பேசுறார், முகத்துல தழும்பு இல்ல, மீசை அப்படியே இருக்கு. போட்டிப் பத்திரிகைகள் எட்வர்ட்ஸைப் பொய்யன்னு கிழிச்சாங்க. டாக்டர்கள் வாயே திறக்கல. நோயாளியோட ரகசியத்தைக் காக்கிறது டாக்டரோட கடமை, அதுல எனக்கு மறுப்பு இல்ல. கிளீவ்லண்டுக்குத் தன் நோய் என்ன, ஆபத்து என்னன்னு முழுசாத் தெரியும், தெரிஞ்சுதான் சம்மதிச்சார். ஆனா தன் நோயைச் சொல்லாம இருக்கிறது வேற, அதைச் சரியாச் சொன்ன ஒருத்தனைப் பொய்யனாக்குறது வேற. ரெண்டாவதை எந்தக் கஜானா கணக்கு வெச்சும் என்னால நியாயப்படுத்த முடியல.

நவம்பர் 1ஆம் தேதி ரத்துச் சட்டத்துல கிளீவ்லண்ட் கையெழுத்துப் போட்டார். பொருளாதாரம் அதனால உடனே எழுந்திரிக்கல, இன்னும் சில வருஷம் இழுத்துச்சு. கட்டி திரும்ப வரல. அவர் 1908ல, 71 வயசுல, வேற காரணத்தால இறந்தார். வெட்டியெடுத்த துண்டு பிலடெல்பியாவுல மூட்டர் அருங்காட்சியகத்துல ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள இருக்கு. 1980ல வெளியான ஆய்வு, அது மெதுவா வளர்ற, அதிகம் பரவாத ஒரு வகைப் புற்றுநோய்னு சொல்லிச்சு.

டாக்டர் கீன் 1917ல 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகைல முழுக் கதையையும் எழுதினார். எட்வர்ட்ஸ் எழுதினது சரின்னு அதுல பேர் சொல்லியே ஒத்துக்கிட்டார். எட்வர்ட்ஸ் அப்போ உயிரோட இருந்தார். வயசு சுமார் 70.